சந்தியாகு, இரண்டாமவர்

சந்தியாகு கண்டுபிடித்ததை ஏற்கெனவே ஒருவன் கண்டுபிடித்துவிட்டான் என்று கடலூரிலிருந்து கடிதம் வந்தது. அந்த ஒருவனின் பெயரும் சந்தியாகு. தகப்பன் பெயர் லூயிஸ். விலாசம், சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பேட்டரி ஆட்டோக்களுக்குச் சார்ஜ் போடும் ஷெட்.

சந்தியாகு கடிதத்தை இரண்டு முறை படித்தார். அவருடைய தகப்பன் பெயரும் லூயிஸ்தான். அவருடைய ஷெட்டும் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்தான். அந்தச் சந்தில் வேறு ஷெட் கிடையாது.

“எவண்டா இவன், எம் பேர்ல?” என்றார்.

“நீங்கதாண்ணே அது,” என்றாள் கலைமணி, ஆட்டோவிலிருந்து சார்ஜ் ஒயரைப் பிடுங்கிக்கொண்டே. “போன தடவ ஒண்ணு எழுதிப் போட்டீங்கல்ல, தம் வாங்கற மிசினு. அந்தச் சந்தியாகு.”

அது உண்மைதான். அந்தச் சந்தியாகு கடலூர் கூட்ஸ் ஷெட்டில் இருபத்திரண்டு வருஷம் உர மூட்டை தூக்கியவர். முதுகெலும்பில் வட்டு நகர்ந்த பிறகு பேட்டரித் தொழிலுக்கு வந்தார். அவருடைய முதல் கண்டுபிடிப்பு அந்த முதுகிலிருந்து வந்தது. மூட்டை தூக்குகிறவன் பத்து நடைக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினால் பொழுது சாயும்வரை தூக்கலாம். நிற்காமல் தூக்கினால் மத்தியானமே படுத்துவிடுவான். பேட்டரியையும் அப்படிச் செய்தார். பத்து நிமிஷம் மின்சாரம் ஏற்றுவது, இரண்டு நிமிஷம் விடுவது. ஆறு மணி நேரச் சார்ஜ் மூன்று மணி நேரமானது. அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அது நிலுவையில் இருந்தது.

இரண்டாவது கண்டுபிடிப்பு குமராட்சி வயலிலிருந்து வந்தது. அதைக் கொண்டுவந்தவள் கலைமணி.

கலைமணி பதினெட்டு வயதிலிருந்து நடவுக்கும் களைக்கும் போனவள். கொள்ளிடத்தில் வெள்ளம் வந்து ஒரு வருஷம் வயலெல்லாம் மணல் மூடியபோது, கடனுக்கு ஒரு பேட்டரி ஆட்டோ எடுத்துக்கொண்டு சிதம்பரம் வந்தாள். சந்தியாகுவின் மிஷின் தம் வாங்குவதை ஒரு வாரம் நின்று பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“தம் வாங்கறதெல்லாம் மனுசனுக்குண்ணே. இது வயலு. காஞ்ச வயலுக்கு மடைய முழுசா தொறந்து வுடுவோம். கடகடன்னு குடிக்கும். நெரம்ப நெரம்ப, மண்ணத் தள்ளி மடைய சின்னது பண்ணிக்கிட்டே வருவோம். நடுவுல எதுக்கு நிறுத்தறீங்க?”

“எப்ப சின்னது பண்றதுன்னு எப்படித் தெரியும்?”

“தொட்டுப் பாருங்க. அதுவே சொல்லும்.”

பதினோரு நாள் அவள் பேட்டரியின் இடது ஓரத்தில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். “கொறைங்க,” என்பாள். அவர் குமிழைத் திருகுவார். “இன்னும் கொஞ்சம்,” என்பாள். அவர் நோட்டில் எழுதிக்கொள்வார். பன்னிரண்டாம் நாள், அவள் விரல் வைத்திருந்த அதே இடத்தில் சூட்டை அளக்கும் சென்சார் ஒன்றை ஒட்டினார். மடையை அது பார்த்துக்கொண்டது. ஒன்றேகால் மணி நேரத்தில் பேட்டரி நிரம்பியது. ஷெட்டில் இருந்த ஒன்பது ஆட்டோக்காரர்களும் கை தட்டினார்கள்.

விண்ணப்பப் படிவத்தில் ‘உண்மையான முதல் கண்டுபிடிப்பாளர்’ என்று ஒரு கோடு இருந்தது. அதன் கீழே, ‘கூடுதல் பெயர்களுக்குத் தனித்தாள் இணைக்கவும்’ என்று பொடி எழுத்தில் இருந்தது. கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாத எழுத்து. கண்ணாடி சந்தியாகுவின் மூக்கின் மேல்தான் இருந்தது. கோட்டில் தன் பெயரை எழுதினார். தனித்தாள் இணைக்கவில்லை.

“எம் பேரும் இருக்குல்லண்ணே?” என்று கலைமணி கேட்டாள். சவாரி காத்திருந்ததால் அவசரத்தில் இருந்தாள்.

“இருக்கு. இந்தா, இங்க கையெழுத்துப் போடு.”

அவர் பொய் சொல்லவில்லை. அவள் பெயர் இருந்தது. கடைசிப் பக்கத்தில், ‘சாட்சி’ என்ற இடத்தில்.

அது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. இந்த மூன்று வருஷமும் கலைமணி ஷெட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் “நம்ம சார்ஜ் பொட்டி” என்றே சொன்னாள். அவள் அப்படிச் சொல்லும்போதெல்லாம் சந்தியாகு குனிந்து ஏதாவது ஒரு திருகாணியைத் தேடுவார்.

*

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடியில் இருக்கிறது வட்டார அறிவுடைமை முன்சோதனை மையம். கண்டுபிடிப்புகள் உரிமை பெறத் தகுந்தவையா என்று இங்கே சோதித்து, தேறினால் உரிமை கொடுப்பார்கள். இதுவரை எதுவும் தேறியதில்லை.

முன் மேஜையில் தமிழ்ச்செல்வி என்ற எழுத்தர் இருந்தார். சந்தியாகுவின் கோப்பைத் தேடி எடுத்துத் தூசி தட்டினார்.

“உங்க தலைப்பு ‘பேட்டரியை விரைவாக நிரப்பும் முறை’. விரைவுன்னு இருந்ததால விரைவுப் பிரிவுக்கு அனுப்பிட்டோம். அங்க ஆளு போடல. அதான் மூணு வருஷம் ஆயிடுச்சு. சாதாரணமா போட்டிருந்தா ஆறு மாசத்துல நிராகரிச்சிருப்போம்.”

“இப்ப என்ன ஆட்சேபம்மா?”

“இரட்டைக் கோரிக்க. ஒரே ஆளு ஒரே விஷயத்துக்கு ரெண்டு உரிமை கேக்கக் கூடாது. ஏற்கெனவே சந்தியாகுன்னு ஒருத்தர் இதக் கேட்டிருக்காரு.”

“அது தம் வாங்கற யோசனம்மா. இது மடை யோசன. வேற வேற.”

“அத அந்தச் சந்தியாகு சொல்லணும். அவருகிட்ட ஆட்சேபணை இல்லன்னு ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க.”

“அது நான்தாம்மா.”

“அப்ப ஈசியாப் போச்சு. ஆனா தபால்ல அனுப்பி தபால்ல வாங்கணும். நேர்ல குடுத்து வாங்கினா, ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டீங்கன்னு ஆயிடும்.”

சந்தியாகு சிதம்பரம் திரும்பி, தனக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். மையம் கொடுத்த மாதிரியைப் பார்த்து எழுதினார்: ‘மதிப்பிற்குரிய சந்தியாகு அவர்களுக்கு, சந்தியாகு எழுதிக்கொள்வது. தாங்கள் கண்டுபிடித்ததும் நான் கண்டுபிடித்ததும் வேறு வேறு என்பதைத் தாங்கள் நன்கு அறிவீர்கள்.’

கடிதம் எங்கெங்கோ போய் நான்காம் நாள் ஷெட்டுக்கு வந்தது. தபால்காரப் பெண் சத்யப்பிரியா அனுப்புநர் பெயரைப் பார்த்தாள். பெறுநர் பெயரைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள்.

“ஏண்ணே, வீட்ல யாரும் உங்ககூட பேசறதில்லயா?”

கையெழுத்துப் போட்டு வாங்கினார். உறையைப் பிரித்தபோது, தானே எழுதியதுதான் என்றாலும், அந்தக் கடைசி வரி சுருக்கென்றது. தாங்கள் நன்கு அறிவீர்கள். ஆமாம், அறிவார். அந்த முதல் சந்தியாகு, மூட்டை தூக்கிய சந்தியாகு, எதையும் திருடியதில்லை. கூட்ஸ் ஷெட்டில் சாக்குக் கிழிந்து கொட்டிய உரத்தைக்கூட அள்ளிக் கொடுத்துவிட்டு வந்தவர். ‘ஆட்சேபணை இல்லை’ என்று அவர் சார்பில் பதில் எழுதும்போது சந்தியாகுவின் கை கூசியது.

மையம் பதிலை நிராகரித்தது. காரணம்: இரண்டு சந்தியாகுகளின் கையெழுத்தும் ஒன்றுபோல் இருக்கிறது. இது சந்தேகத்துக்கு இடமளிக்கிறது.

“நேர் விசாரணைக்குப் போட்டிருக்கேன்,” என்றார் தமிழ்ச்செல்வி. “சாட்சியும் வரணும். கலைமணின்னு இருக்கு.” பிறகு குரலைத் தாழ்த்தி இரக்கத்தோடு சொன்னார்: “உள்ளதச் சொல்றேன் சார், ரெண்டாவத வேற ஒருத்தர் யோசிச்சிருந்தா இந்த ஆட்சேபமே வந்திருக்காது. உங்க கெட்ட நேரம், ரெண்டையும் நீங்களே யோசிச்சுட்டீங்க.”

சந்தியாகுவுக்குக் காது மடல் சுட்டது. கலைமணி விரல் வைத்துப் பார்த்திருந்தால் “கொறைங்க” என்றிருப்பாள்.

*

சனிக்கிழமை சாயங்காலம் அவர் மாதா கோயிலுக்கு, பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். அந்த வருஷத்தில் இது மூன்றாவது தடவை.

“ஒருத்தவங்க பொருள எடுத்துட்டேன் சாமி.”

தட்டிக்கு அந்தப் பக்கம் குருவானவர் காதை நெருக்கி வைத்தார். “இது ஈஸ்டருக்கு முந்தி சொன்ன அதே பாவமா, புதுசா?”

“அதேதான் சாமி.”

“ஒரு பாவத்துக்கு ஒரு மன்னிப்புதாம்ப்பா. அதையே மறுபடி மறுபடி கொண்டாந்தா, முதல்ல குடுத்த மன்னிப்புல நம்பிக்க இல்லன்னு அர்த்தம்.”

இங்கேயும் இரட்டைக் கோரிக்கை ஆட்சேபம் இருக்கிறது என்பது சந்தியாகுவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

“எடுத்தத திருப்பிக் குடுத்தியா?”

“கையில எடுத்துக் குடுக்கற பொருள் இல்ல சாமி அது.”

“அப்ப வாயால குடு.”

வீட்டுக்கு வந்ததும் மனைவி சவரிமேரி கேட்டாள்: “இந்த வருஷம் உனக்குப் பாவம் ஜாஸ்தியா இருக்கே, என்ன பண்ற அந்த ஷெட்ல?” அவர் தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்தார்.

*

விசாரணை நாளன்று இருவரும் கடலூர் பஸ் ஏறினார்கள். கலைமணி காக்கிச் சட்டையைத் தோய்த்து இஸ்திரி போட்டுப் புடவை மேல் மாட்டியிருந்தாள். ஒரு நாள் சவாரியை விட்டுவிட்டு வருகிறாள். ஆலப்பாக்கம் தாண்டும்போது, “அவுங்க எங்கிட்ட என்னண்ணே கேப்பாங்க?” என்றாள். சொல்லிவிட அது நல்ல இடம். சந்தியாகு வாயைத் திறந்தார். கண்டக்டர் டிக்கெட் கேட்டார். பிறகு கடலூர் வந்துவிட்டது.

முதுநிலை முன்சோதகர் சுப்பராயலு பெரிய மேஜைக்குப் பின்னால் இருந்தார். அவருடைய செல்போன் சுவரில் தொங்கிச் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. காலையில் போட்டது, இன்னும் முப்பதைத் தாண்டவில்லை என்று எரிச்சலோடு எட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். விரைவுச் சார்ஜ் விசாரணையைத் தொடங்கினார்.

“இந்த மையம் ஆரம்பிச்சு பதினோரு வருஷம் ஆகுது. இதுவரைக்கும் தப்பா ஒரு உரிமைகூட குடுத்ததில்ல. எப்படின்னு கேப்பீங்க. உரிமையே குடுத்ததில்ல. அதுதான் இந்த ஆபீசோட நேர்ம.” தமிழ்ச்செல்வி குறிப்பெடுத்தார். “நீங்க புதுசா ஒண்ணு கொண்டாறீங்க. அது எங்க ரெக்கார்டுல இருக்காது. ரெக்கார்டுல இல்லாதத நான் எத வெச்சு சரி பாக்கறது? சரி, ரெக்கார்டுல இருக்குன்னு வெச்சுக்குவோம். அப்ப அது பழசு. பழசுக்கு எதுக்கு உரிமை? இது ரெண்டுக்கும் நடுவுல ஒரு கண்டுபிடிப்பு வரும்னுதான் நாங்களும் பதினோரு வருஷமா காத்துக்கிட்டு இருக்கோம்.”

“சார், நான் ஒண்ணு சொல்லணும்…” என்றார் சந்தியாகு.

“இருங்க. ஒரு மனுசனுக்கு ஒரு யோசனன்னு இருந்தாத்தான் நாடு தாங்கும். ஆளாளுக்கு ரெண்டு மூணுன்னு யோசிக்க ஆரம்பிச்சா கோப்பு வைக்க அலமாரி எங்க இருக்கு? என்னையே பாருங்க. முப்பது வருஷ சர்வீஸ். ஒரு தடவகூட நான் புதுசா யோசிச்சதில்ல. யோசன வரும். வராம இருக்குமா? அடக்கிக்குவேன். சாட்சிய வரச் சொல்லுங்க.”

கலைமணி முன்னால் வந்து நின்றாள்.

“இந்தப் பெட்டி எப்படி வேல செய்யுதுன்னு தெரியுமா?”

அவள் முகம் மலர்ந்தது. “நல்லாக் கேட்டீங்க சார். நாங்க ரெண்டு பேரும் சேந்துதான செஞ்சோம். மடைய முதல்ல முழுசா தொறக்கறது, அப்புறம்…”

“நீங்க சாட்சி. பாத்தத மட்டும் சொல்லுங்க. செஞ்சதெல்லாம் சொல்லக் கூடாது.”

“சாட்சியா?”

“உங்க கையெழுத்துதான இது?”

சுப்பராயலு படிவத்தை மேஜை மேல் அவள் பக்கம் தள்ளினார். கலைமணி படித்தாள். முதல் பக்கத்துக் கோட்டில் இருந்த பெயரை விரல் வைத்துப் படித்தாள். கடைசிப் பக்கத்துக்குப் போனாள். மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தாள். அந்தப் பொடி எழுத்து வரிக்கும் அவள் விரல் போனது. அவளுக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை.

சந்தியாகுவைத் திரும்பிப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

“சார்,” என்றார். எழுந்து நின்றார். மூட்டைக்குக் குனிகிறவர்போல ஒரு முறை மூச்சை இழுத்துப் பிடித்தார். “ரெண்டாவது என்னுது இல்ல சார். இவுங்களுது. யோசன இவுங்களுது, வெரலு இவுங்களுது. நான் குமிழத்தான் திருகினேன். தெரிஞ்சேதான் சார் பேரு போடல. திருடிட்டேன்.”

சுப்பராயலு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“விண்ணப்பதாரர் பேசற நேரம் முடிஞ்சுபோச்சு,” என்றார் சுப்பராயலு. “இது சாட்சி நேரம். தவிர, நான் கண்டுபிடிக்கலன்னு சொல்றதுக்கு எங்ககிட்ட படிவமே இல்ல. இதுவரைக்கும் எவனும் அப்படிக் கேட்டதில்ல.” பிறகு கலைமணியிடம் திரும்பி, முன்பே தட்டச்சு செய்து வைத்திருந்த கேள்வியைப் படித்தார்: “முதல் விண்ணப்பம் போட்ட சந்தியாகுவும், ரெண்டாவது விண்ணப்பம் போட்ட சந்தியாகுவும் ஒரே ஆளா? உங்களுக்குத் தெரிஞ்சு?”

கலைமணி சந்தியாகுவின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“ஒரே ஆளுன்னுதான் சார் இவ்ளோ நாளா நெனச்சிருந்தேன்,” என்றாள். “முதல் ஆளத்தான் எனக்குத் தெரியும். நல்லவரு. ரெண்டாவது ஆள இப்பத்தான் பாக்கறேன்.”

சுப்பராயலு நாற்காலியில் நிமிர்ந்தார். “எழுதிக்கம்மா, எழுதிக்க! ரெண்டு பேரு. சாட்சி தெளிவா சொல்லிட்டாங்க. ஆளு வேற வேற.” முப்பது வருஷ சர்வீஸில் முதல் தடவையாக அவர் முகத்தில் ஒரு புதிய யோசனை வந்தது, இந்த முறை அவர் அதை அடக்கிக்கொள்ளவில்லை. “அப்ப இரட்டைக் கோரிக்கையே இல்லயே! ஆட்சேபம் ரத்து!”

திரும்பும் பஸ்ஸில் கலைமணி முன்னால் பெண்கள் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். சிதம்பரம்வரை அவளுடைய காக்கிச் சட்டையின் காலரைத்தான் சந்தியாகு பார்த்தார்.

*

இரண்டு மாதத்தில் சான்றிதழ் வந்தது. கெட்டித் தாள், வட்ட முத்திரை. மையம் வழங்கிய முதல் உரிமை. உரிமையாளர்: சந்தியாகு (இரண்டாமவர்), த/பெ லூயிஸ். சாட்சி: கலைமணி.

மூன்று வருஷமாக அது வெறும் திருட்டாகத்தான் இருந்தது. இப்போது முத்திரை விழுந்துவிட்டது.

சந்தியாகு மறுநாளே சான்றிதழைத் தூக்கிக்கொண்டு கடலூர் ஓடினார். மையத்தின் வாசலில் ‘முதல் உரிமை வழங்கிய வெற்றி’ என்று பேனர் கட்டியிருந்தார்கள். அதில் சுப்பராயலுவின் படம் இருந்தது.

“இது எனக்கு வேணாம்மா. கலைமணி பேருக்கு மாத்திக் குடுங்க.”

“மாத்தலாமே,” என்றார் தமிழ்ச்செல்வி. “மாற்றுப் பத்திரம் இருக்கு. உரிமையாளர் கையெழுத்துப் போட்டாப் போதும். இரண்டாமவர வரச் சொல்லுங்க.”

“நான்தாம்மா அது.”

தமிழ்ச்செல்வி ஆதார் எண்ணைத் தட்டிப் பார்த்தார். “நீங்க முதலாமவர் சார். இந்த ஆதார் முதல் கோப்புல ஏறிடுச்சு. ஒரு ஆதாருக்கு ஒரு சந்தியாகுதான். இரண்டாமவர் வேற ஆளுன்னு விசாரணையிலேயே முடிவாயிடுச்சே, நீங்களும் இருந்தீங்களே?” பிறகு அவர் முகத்தைப் பார்த்து மனமிரங்கினார். “நீங்க வேணும்னா ஒண்ணு பண்ணலாம். சாட்சியா கையெழுத்துப் போடலாம்.”

பத்திரத்தை வாங்கிக்கொண்டு சிதம்பரம் வந்தார். கலைமணி அந்த இரண்டு மாதமாக வேறு ஷெட்டில் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தாள். அங்கே ஆறு மணி நேரம் ஆகும். பாதி நாள் சவாரி போய்விடும். அங்கேயே போய், அவள் ஆட்டோவுக்குப் பக்கத்தில் நின்று, நடந்ததையெல்லாம் சொன்னார். வாயால் கொடுக்க முடிந்ததை மொத்தமாகக் கொடுத்தார். அந்த ஷெட்டில் இருந்த ஆட்டோக்காரர்கள் எல்லோரும் கேட்டார்கள். கேட்கட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னார்.

கலைமணி பத்திரத்தை வாங்கிப் படித்தாள். இந்த முறை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை, பொடி எழுத்தையும் சேர்த்து. பிறகு ஆட்டோவின் சீட்டில் அதை விரித்து வைத்து, பேனாவை நீட்டினாள்.

“இங்க போடுங்க,” என்றாள். அவள் விரல் ‘சாட்சி’ என்ற இடத்தில் இருந்தது.

சந்தியாகு போட்டார். சீட்டின் மேடுபள்ளத்தில் கையெழுத்து கோணலாக விழுந்தது. மேலே, உரிமையாளர் கோடு காலியாகக் கிடந்தது.

“அந்த எடம் என்ன பண்றதும்மா?” என்றார்.

கலைமணி பத்திரத்தை நான்காக மடித்துக் காக்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள். பேட்டரியின் இடது ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

“ரெண்டாவது ஆளு வந்து போடட்டும். நான் காத்திருக்கேன்,” என்றாள். “அவரு எங்கண்ணே போயிடப்போறாரு? உங்ககூடத்தான இருக்காரு.”